தலைவர் காரில் ஒரு பொட்டு மஞ்சள்

ஊரில் பாதித் தெருவுக்கு விளக்கில்லை. பேரூராட்சித் தலைவர் தணிகாசலத்துக்கோ வேறு கவலை. அவருக்கு மஞ்சள் ஆகாதென்று ஜோசியர் சொல்லிவிட்டார். காரோடு மெக்கானிக் மரியதாஸின் பட்டறைக்கு வந்தார்.

"முன்பக்கம் ரெண்டு ஓரத்திலயும் மஞ்சளா மினுங்குற ரிஃப்ளெக்டரைக் கழட்டிட்டு வெள்ளை போடு. வண்டியில ஒரு பொட்டு மஞ்சள் தெரிஞ்சாலும் நாளைக்கே கடையைக் காலி பண்ணணும். கட்டடம் என்னுது."

மரியதாஸ் மாற்றினார். தலைவர் சுற்றிவந்து குனிந்தார். பம்பருக்கடியில் ஏதோ தொங்கியது.

"இதென்னடா மஞ்சள்?"

"உங்க ஜோசியர் மந்திரிச்சுக் கட்டின எலுமிச்சம்பழங்க. எடுத்தா திருஷ்டி, விட்டா தோஷம். எதுன்னு சொல்லுங்க, செஞ்சிடறேன்."

பட்டறையே சிரித்தது. காரில் ஏறப் பயந்த தலைவர் ரோட்டுக்குப் போய் ஆட்டோவுக்குக் கை காட்டினார்.

வந்து நின்ற ஆட்டோ, உச்சியிலிருந்து கீழ்வரை மஞ்சள்.