தமயந்திக்குப் பின்னால்

சாமியிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம், மடத்துக்குப் போகும் வழியெல்லாம் அஞ்சுகத்துக்கு இருந்தது.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் வேறு நாலு விஷயம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் வழியில் நின்ற வேப்பமரத்திடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மைல் கல்லிடம் இன்னொரு தடவை. இரண்டும் வேறு வேறு மாதிரி வந்தது.

மடம் என்றால் பெரிய மடம் இல்லை. கண்மாய்க் கரையில் ஓடு போட்ட ஒரு கூடம், பின்பக்கம் ஓர் அடுப்படி.

சாமி என்றால் தாடி வைத்த சாமியும் இல்லை. முப்பது வயதுப் பெண். அஞ்சுகத்துக்கு மகளாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்தால் அஞ்சுகம்தான் சின்னப் பிள்ளை ஆகிவிடுவாள்.

சாமி புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒரு சந்தேகம்.”

“உட்காருங்க அஞ்சுகம்மா. கையைச் சும்மா வச்சுக்காம நீங்களும் எடுங்க.”

அஞ்சுகம் ஒரு புளியம்பழத்தை எடுத்துக்கொண்டாள்.

“எலெக்‌ஷன் வருது சாமி. பஞ்சாயத்துப் பிரசிடெண்டுக்கு.”

“தெரியும்.”

“நம்ம ஊர்லயே ரெண்டு பேர் நின்னா ஓட்டு பிரிஞ்சு பக்கத்து ஊரு மேலக்காட்டுக்காரன் ஜெயிச்சிடுவான். அதனால முன்னாடியே நாம கூடி, ஊருக்கு ஒருத்தர்னு முடிவு பண்ணிக்குவோம்.”

“அதுவும் தெரியும்.”

“காளி கோயில் பொட்டல்ல. நிக்க ஆசைப்படுறவங்க ஆளுக்கொரு பக்கமா நிப்பாங்க. யாருக்கு யாரு வேணுமோ, அவங்க பின்னால போய் நிக்கணும். எந்தப் பக்கம் கூட்டம் ஜாஸ்தியோ…”

“அஞ்சுகம்மா, நானும் இந்த ஊர்லதான் இருக்கேன்.”

“தப்பாச் சொல்லிடக் கூடாதுன்னுதான் சாமி ஆதியிலேருந்து சொல்றேன்.”

சாமி சிரித்துவிட்டார். “சரி, சொல்லுங்க.”

“இந்த வாட்டி ரெண்டு பேர். ஒருத்தர் நம்ம பிரசிடெண்டு வயிரவன். இன்னொண்ணு தையக்காரி தமயந்தி.”

வயிரவன் கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு வருவார், சாவுக்கு மாலை போடுவார். தண்ணீர்த் தொட்டியின் சாவி மட்டும் அவர் வீட்டு ஆணியில் தொங்கும். தெற்குத் தெருவுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் வரும். வடக்குத் தெருவுக்கு, மிச்சம் இருந்தால் வரும்.

அஞ்சுகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலையை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். தற்காலிக வேலை. அவர் ஒரு வார்த்தை சொன்னதால் கிடைத்தது. இன்னொரு வார்த்தை சொன்னால் போய்விடும். புருஷன் போன பிறகு அந்த வேலைதான் அவளுக்குச் சோறு.

தமயந்தியிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. வேறொன்றும் இல்லை. எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவேன் என்றாள். பஞ்சாயத்துக் கணக்கை மைக்கில் படித்துக் காட்டுவேன் என்றாள். நீலத்தைக் கரைத்துப் பழைய வேட்டியில் இதையே எழுதித் தன் வீட்டு வாசலில் கட்டினாள். ஊர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தது.

அஞ்சுகம் சிரிக்கவில்லை. வடக்குத் தெருப் பிள்ளைகள் மத்தியானம் தட்டோடு வரிசையில் நிற்பதற்கு முன்னால், பள்ளிக்கூடக் குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதை தினமும் பார்க்கிறவள் அவள்.

அதோடு, நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாள் அவள் சுருண்டு படுத்தபோது, இரவல் வண்டியில் பின்னால் உட்காரவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தமயந்திதான். வெறும் வாயு என்று டாக்டர் சொன்ன பிறகு, திரும்பி வரும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்ததும் அவள்தான். அந்தத் திட்டை நினைத்தால் அஞ்சுகத்துக்கு இன்றைக்கும் இனிக்கும்.

“அதான் சாமி. எந்தப் பக்கம் நின்னா எனக்குப் பத்திரம்?”

சாமி கொட்டையைத் தட்டில் போட்டார். “உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?”

“தமயந்தியை.”

“அப்புறம் என்ன?”

“அவ தேற மாட்டா சாமி.”

“யாரு சொன்னது?”

“எல்லாரும்.”

“எல்லாரும்னா?”

“பூவாயி சொன்னா.”

“பூவாயிக்கு யாரைப் பிடிக்கும்?”

“அவளுக்கும் தமயந்தியைத்தான். ஆனா மத்தவங்க யாரும் அவ பக்கம் நிக்க மாட்டாங்கன்னு சொன்னா.”

“மத்தவங்கன்னா யாரு?”

அஞ்சுகம் யோசித்தாள். கையில் இருந்த புளி பிசுபிசுத்தது.

“என்னைத்தான் சொல்லியிருப்பா போல.”

சாமி அடுத்த புளியை எடுத்தார்.

“இது புரியுது சாமி. புரிஞ்சும் பயமா இருக்கே!”

“வெள்ளிக்கிழமை கஞ்சி காய்ச்ச வந்துடுங்க.”

“என் சந்தேகம், சாமி?”

“பெரிய அண்டா. கொஞ்சம் சீக்கிரமாவே வாங்க.”

*

வெள்ளிக்கிழமை மடத்தில் ஊருக்கெல்லாம் கஞ்சி.

அஞ்சுகம் அரிசியையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவிட்டாள். பூண்டு தட்டிப் போட்டாள். தேங்காய்ப்பால் ஊற்றினாள். உப்புச் சட்டியில் கையை விடப் போனபோது, சாமி சட்டியின் வாயைக் கையால் மூடினார்.

“வேண்டாம்.”

“சாமி?”

“இன்னைக்கு உப்பு வேண்டாம்.”

“யாருக்காவது பிரஷரா?”

“இல்லை.”

“வாயில வைக்க விளங்காதே சாமி! யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?”

“கேட்டா போடுங்க.”

கூடம் நிறைந்தது. வயிரவன் வந்தார். அவருடைய மச்சினன் சேவுகன் வந்தான். பூவாயி தூக்குவாளியோடு வந்தாள். தமயந்தி தோளில் அளவெடுக்கிற இஞ்சி டேப்போடு ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

மடத்துக் கஞ்சியைக் குறை சொல்லக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். சூடு என்று சொல்லக் கூடாது, ஆறிவிட்டது என்று சொல்லக் கூடாது. வாங்கினால் குடித்துவிட வேண்டும்.

வயிரவன் முதல் வாய் குடித்தார். வாய் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு விழுங்கினார்.

“அமிர்தம்” என்றார்.

“அமிர்தம்னா இதுதான் அமிர்தம்” என்றான் சேவுகன்.

“சாமி கை பட்ட கஞ்சியாச்சே” என்றாள் பூவாயி. சொல்லிவிட்டு அஞ்சுகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

அஞ்சுகத்துக்கு உடம்பு கூசியது. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் கரண்டி பிடித்த கை அது.

ஒருத்தர் ஆறிப்போன கஞ்சியை ஊதிக்கொண்டே இருந்தார். ஒருத்தர் யாரும் பார்க்காத நேரத்தில் செம்பருத்திச் செடிக்குக் கொஞ்சம் ஊற்றினார். தமயந்திகூடத் தலையைக் குனிந்துகொண்டு குடித்தாள். ஊர்க் கணக்கை மைக்கில் படிக்கப் போகிறவள்!

அஞ்சுகம் சாமியைப் பார்த்தாள். சாமி நிம்மதியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. உப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

“யாருக்காவது… கொஞ்சம் உப்பு வேணுமா?”

குடித்துக்கொண்டிருந்த கிண்ணங்கள் கீழே இறங்கின.

உப்பைக் கையில் வாங்கினால் சண்டை வரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் யாரும் கையை நீட்டவில்லை. கிண்ணத்தை நீட்டினார்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தூணுக்குப் பின்னாலிருந்து, எல்லாப் பக்கமும் கிண்ணம். அவள் எங்கே திரும்புவது என்று தெரியாமல் சுற்றினாள்.

“எனக்கு ரெண்டு கல்லு கூடவே போடு, அஞ்சுகம்” என்றார் வயிரவன்.

“அடியே, இவ்வளவு நேரம் இதை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?” என்றாள் பூவாயி.

“அமிர்தம்னு எல்லாரும் சொன்னப்போ நீயும்தானே ஒத்து ஊதினே?” என்றாள் அஞ்சுகம்.

“அமிர்தத்துக்கு உப்பு வேணாமாக்கும்?”

கூடமே சிரித்தது.

“என்ன அஞ்சுகம்மா, உப்புப் போட மறந்துட்டீங்களா?” என்று சத்தமாகக் கேட்டார் சாமி.

“நீங்கதானே சாமி வேணாம்னீங்க!”

சாமியும் சிரித்தார். அஞ்சுகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு, இரண்டு பேரும் அண்டாவைத் தேய்த்தார்கள்.

“முதல்ல கிண்ணத்தை நீட்டினது யாரு?” என்று கேட்டார் சாமி.

“பார்க்கலையே சாமி.”

“ஏன் பார்க்கலை?”

“நான் உப்போட நின்னுக்கிட்டு இருந்தேனே!”

சாமி அண்டாவைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“சாமி, என் சந்தேகம்?”

சாமி உள்ளே போய்விட்டார்.

*

காளி கோயில் பொட்டலில் ஊர் கூடியது.

புளியமரத்தின் நிழலில் வயிரவன் நின்றார். அவர் பின்னால் சேவுகனும் வீட்டு ஆட்களும் நின்றார்கள். எதிர்ப்பக்கம் வெயில். அங்கே தமயந்தி தனியாக நின்றாள்.

மற்ற எல்லோரும் நடுவில். யாரும் அசையவில்லை. காலால் மண்ணைக் கிளறினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“என்ன தமயந்தி? உன் நிழல்கூட உன் பின்னால நிக்காது போலயே” என்றான் சேவுகன். “உச்சி வெயிலு. காலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு பாரு.”

“கூடவே இருக்குல்ல மாமா. அது போதும்.”

யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்கச் சேவுகன் திரும்பினான். சிரிப்பு நின்றது.

வயிரவன் கூட்டத்தைப் பார்த்தார். அவர் கண் அஞ்சுகத்திடம் வந்து நின்றது.

“அஞ்சுகம், உனக்கு உடம்புக்கு ஆகாது. வெயில்ல நிக்காதே. இப்படி நிழலுக்கு வா.”

“ஆகட்டுங்கய்யா.”

“நாளைக்கு ஸ்கூலுக்கு முட்டை வருது. காலையிலேயே போயிடு.”

“சரிங்கய்யா.”

பிரியமாகத்தான் சொன்னார். அஞ்சுகத்துக்கு வேலைதான் ஞாபகம் வந்தது.

அவள் கால் நிழலைப் பார்த்துத்தான் நடந்தது. பாதி வழியில் ஒரு தடவை திரும்பிவிட்டாள்.

தமயந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் தலையை ஆட்டினாள். அங்கேயே போங்க அத்தை, இங்கே வராதீங்க என்று சொல்கிற மாதிரி. கையால்கூட நிழலைக் காட்டினாள்.

அஞ்சுகத்துக்குக் கோபம் வந்தது. எங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல இவள் யார்? நேற்றுவரை பட்டன் தைக்க என்னைக் கூப்பிட்டவள்!

அப்படியே திரும்பினாள். விறுவிறுவென்று வெயிலுக்குள் நடந்தாள். தமயந்தியின் பின்னால் போய் நின்றாள்.

காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“ஏன் அத்தை?” தமயந்தி திரும்பாமலே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “வேலை போயிடுமே அத்தை. உங்களுக்குப் பைத்தியமா?”

“வாயை மூடு.”

“சொன்னாக் கேளுங்க. இன்னும் நேரம் இருக்கு. தலை சுத்துதுன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிடுங்க.”

“நிமிர்ந்து நில்லுடி முதல்ல. தோளைக் குறுக்காதே. பிரசிடெண்டு இப்படியா நிப்பாங்க?”

தமயந்தி நிமிர்ந்தாள். அவள் தோள் லேசாக நடுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அஞ்சுகத்துக்குப் பயம் போகவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. இது வாயு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. நாளைக்கு முட்டையை யார் அவிப்பார்கள் என்று நினைத்தாள். மாசக் கடைசியை நினைத்தாள். எங்கேயாவது உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது; தலையைக் குனிந்து மண்ணையே பார்த்தாள்.

முதுகுக்குப் பின்னால் மண்ணில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு ஜோடி. நின்றது. பிறகு இன்னொன்று.

வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்து, யாரும் இல்லை என்றால், அந்த நிமிஷமே நிழலுக்கு ஓடிவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் பத்திரத்துக்கு, தமயந்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.