அரக்கு வைத்த கட்டுகள்

பேராசிரியர் அறவாழியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் படிக்கட்டில். ஓய்வுபெற்றுப் பத்து வருடமாகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சணல் தொங்கிக்கொண்டிருந்தது. கூட இறங்கியவர் மரகதவல்லி அம்மா. ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர், அப்போது எங்கள் துணைவேந்தர்.

நான் அந்தப் பிரிவில் விடைத்தாள் கட்டும் ஊழியன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். மற்றதையெல்லாம் படித்தது, திருத்தி முடித்து ஒதுக்கிய விடைத்தாள்களில்.

அதற்கு முந்தைய வருடம் இரண்டு கல்லூரிகளின் கட்டுகள் மாறிப்போயின. ஏழு பேராசிரியர்கள் கூடி ஒரு விதி எழுதினார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் இரட்டை முடிச்சு, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை. எந்த மேசைக்குப் போனாலும் உடைத்து, வேலை முடிந்ததும் மறுபடி வைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் வந்துகொண்டிருந்த தேர்வு முடிவு ஐந்து மாதமானது. மதிப்பெண் பட்டியல் கையில் இல்லாமல் எங்கள் பிள்ளைகள் மேற்படிப்பு இடங்களை இழந்தார்கள். அடுத்த தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அம்மா தன் ஆசிரியரை வீட்டில் போய்ப் பார்த்தார். விதி சரியாகத்தான் இருக்கிறது, ஊழியர்கள் வேண்டுமென்றே இழுக்கிறார்கள், என்ன தண்டனை சேர்க்கலாம் என்று கேட்டாராம். ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு, கட்டு எங்கே கட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

இருவரும் வந்தார்கள். நாங்கள் எழுந்து நின்றோம். ஐயா ஒரு கட்டை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

"அவிழ்."

அம்மா அரக்கைக் கீறினார். நகம் உடைந்தது. அரக்கு உதிர்ந்தும் முடிச்சு அசையவில்லை.

எங்களில் மூத்தவள் செங்கமலம். அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது. "பல்லால கடிச்சுப் பாருங்கம்மா. நாங்க அப்படித்தான்" என்றாள்.

ஐயா மட்டும் சிரித்தார்.

கடைசியில் அம்மா கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வெட்டினார். ஐயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு வரும் என்று செங்கமலத்திடம் கேட்டார். முந்நூறு என்றாள். அரக்கு இல்லாமல் கட்டு மாறாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவள் என்னைக் கை காட்டிவிட்டாள்.

நான் ஒரு கட்டின் மேலட்டையைக் காட்டினேன். "கை மாறும்போது குடுக்கறவர், வாங்கறவர் ரெண்டு பேரும் தாளை எண்ணி மேலட்டையில கையெழுத்துப் போடணும் ஐயா. போன வருஷம் கட்டு மாறினதே எண்ணிப் பாத்துத்தான் தெரிஞ்சது."

"யார் எண்ணினது?" என்றார் அம்மா.

"நான்தாம்மா."

"ஏன் இதைச் சொல்லல?"

"மாறினதைச் சொன்னோம். விதி எழுதும்போது யாரும் எங்களைக் கேக்கலம்மா."

அம்மா அறுந்த சணலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அவருடைய குடையை மேசையிலேயே மறந்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். படியில் அம்மா தாழ்ந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

"இவங்களே விதி எழுதிட்டா, துணைவேந்தர்னு நான் எதுக்கு ஐயா?"

அவர் ஒரு படி இறங்கி நின்றார்.

"கடைசிக் கையெழுத்துப் போட."

நான் குடையைக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் அம்மா எங்கள் மேசையில் உட்கார்ந்தார். ஊழியர்கள் பதினேழு பேரும் பேசி விதியை எழுதினோம். எண்ணிக்கையை எழுத்தாலும் எழுத வேண்டும் என்பது மட்டும் அவர் சேர்த்தது. அதற்கும் எங்கள் சம்மதத்தைக் கேட்டார். அந்த வருடம் தேர்வு முடிந்த முப்பத்துநான்காம் நாள் முடிவு வெளியானது. ஒரு கட்டும் மாறவில்லை. பிள்ளைகள் பட்டியலோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செய்தித்தாளில் வந்ததை என் மனைவி இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஐயா அதற்கு ஒரு வாரம் முன்பே போய்விட்டார்.

அந்த விதித்தாளைச் சட்டமிட்டுத் தேர்வுப் பிரிவுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பதினெட்டுக் கையெழுத்துகள். முதலாவது செங்கமலத்துடையது, நான்காவது என்னுடையது, கடைசி துணைவேந்தருடையது. கீழே அலமாரியில் இரண்டு பெட்டி அரக்கு பிரிக்காமல் இருக்கிறது.