வாசல் எறும்பு தட்டிய கேள்வி

எறும்புகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு புளியமரத்தடிப் புற்றில் கட்டெறும்புக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. அதற்கு வாசல் காத்தவள் மூக்காயி. இரை தேடித் திரும்புகிறவர்கள் அன்றைய அடையாளச் சொல்லைச் சொன்னால்தான் உள்ளே விடுவாள்.

காலையில் ராணி ஒரு சொல் கொடுப்பாள். மூக்காயி அதை வரிசையில் முதலில் நிற்பவளிடம் சொல்வாள். அவள் பின்னால் இருப்பவளிடம், அவள் அடுத்தவளிடம். எதையும் வரிசையில் சொல்லி அனுப்பித்தான் எறும்புகளுக்குப் பழக்கம். வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் நம்மவர்கள் என்று நம்பிய வெகுளிக் கூட்டம் அது.

ஐப்பசி பிறந்ததும் முட்டைகள் காணாமல் போயின. முதல் நாள் ஒன்பது. மறுநாள் ஓர் அறையே காலி. ராணி சொல்லை மாற்றினாள். நாக்குச் சுளுக்கும்படி நீளமாக்கியும் பார்த்தாள். முட்டை குறைந்துகொண்டேதான் போனது.

ஒரு நடுப்பகலில், முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழுக்களுக்குச் சோறூட்டும் செம்பி ஓடிவந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்! அது எறும்பே இல்ல, சிலந்தி! நம்மள மாதிரியே இடுப்பு, நிறம். முன்னங்கால் ரெண்டையும் தூக்கி நம்ம தலையில இருக்கிற உணர்கொம்பு மாதிரி ஆட்டுது. கையும் களவுமா பார்த்தேன், தப்பிச்சு வெளிய ஓடிருச்சு."

மூக்காயிக்கு அப்போதுதான் விளங்கியது. தினமும் காலையில் அந்தப் பாவியும் வரிசையில் நின்று சொல்லைக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு, மரியாதையாகப் பின்னால் நிற்பவளுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறது!

"மிச்சம் ஒரே ஒரு அறை முட்டைதான் இருக்கு, மூக்காயி," என்றாள் ராணி. "அதுவும் போச்சுன்னா நம்ம வம்சமே அத்துப்போயிரும்."

வெளியே மழைமேகம் கறுத்துவிட்டது. கூட்டம் முழுக்கத் திரும்பும் நேரம். புதுச் சொல் அனுப்பலாம் என்றால், அதையும் வரிசையில்தானே அனுப்ப வேண்டும்? மூக்காயி வாசலுக்கும் உள்ளுக்கும் அலைந்தாள்.

"செம்பி, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது, ஆனா இதுவரைக்கும் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது ஏதாவது இருக்கா?"

செம்பி யோசித்தாள். "நீங்க எல்லாரும் பேச்சு வராத புழுவா கிடந்தப்போ ஒரு விளையாட்டு வச்சிருந்தேனே. வலது, இடதுன்னு கலந்து கலந்து தலையில தட்டுவேன். கடைசித் தட்டுலருந்து முதல் தட்டு வரைக்கும் அதைத் தலைகீழா ஆட்டிக் காட்டினாத்தான் சோறு."

முதல் தூறல் விழுந்தது. வரிசை ஓடிவந்தது. மூக்காயி தன் தலையையே கதவாக வைத்து வாசலை அடைத்துக்கொண்டாள்.

"சொல் வேணாம். கொம்பை நீட்டு!"

ஒவ்வொருத்திக்கும் வேறு வேறு விதமாகத் தட்டினாள். அவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பித் தட்டினார்கள். மறந்துபோயிருந்த விளையாட்டு உடம்புக்கு மறக்கவில்லை. மழை வலுத்தது. "நாங்க நனைஞ்சு சாகணுமா, உனக்கென்ன கிறுக்கா?" என்று பின்னால் கத்தினார்கள்.  ஆனாலும் மூக்காயி ஒருத்தியைக்கூடத் தட்டிப் பார்க்காமல் உள்ளே விடவில்லை.

"மூக்கி, நான்தாண்டி, உன் அக்கா பூவாயி! கால் ஒடிஞ்சுபோச்சு. என்னை விட்டுரு!"

அவளை மூக்கி என்று கூப்பிடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். மூக்காயியின் தலை தானாக விலகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்: வலது, வலது, இடது.

வந்தவள் தயங்கவே இல்லை. முன்னால் போனவள் தட்டிய பதிலை அப்படியே தட்டினாள். அது வேறொரு கேள்விக்கான பதில். வரிசையில் நின்று அக்காவின் குரலையும் கேட்டுப் பழகியிருக்கிறது அந்தச் சிலந்தி!

மூக்காயி பாய்ந்து கடித்தாள். சிலந்தி ஒரு காலை அவள் வாயிலேயே விட்டுவிட்டு உருண்டது. மழைத்தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போயிற்று.

எல்லாரும் உள்ளே போன பிறகும் அக்காவைக் காணோம். மூக்காயி அழுதேவிட்டாள். வாசல் படியில் தண்ணீர் ஏறிய நேரத்தில் ஒரு குரல்.

"மூக்கி..."

அதே குரல். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மூக்காயி கொம்பை நீட்டித் தட்டினாள். குளிரில் விறைத்திருந்த பூவாயி தப்பாகத் தட்டினாள். தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியது. மூக்காயி விம்மிக்கொண்டே வேறொன்று தட்டினாள்: இடது, வலது, இடது, இடது.

பூவாயி மெல்லத் தட்டினாள்: இடது... இடது... வலது... இடது. சரியான பதில்!

இழுத்து உள்ளே போட்டு வாசலை அடைத்தாள். பூவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கூடப்பிறந்தவ நான். என்னையே சந்தேகப்பட்டுட்டியேடி."

"உன்னைச் சந்தேகப்படல அக்கா. உன் குரலைத்தான்," என்றாள் மூக்காயி.

மறுநாள் காலையில் ராணி சொல் எதுவும் கொடுக்கவில்லை. எறும்புகள் பேச்சையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டன. எவ்வளவு அவசரமாக ஓடினாலும், எதிரே வருவது சொந்த அக்காவே ஆனாலும், எறும்புகள் ஒரு கணம் நின்று கொம்போடு கொம்பு தட்டிப் பார்த்துவிட்டு நகர்வது அன்று முதல்தான்.