மீன் ஏறாத ஏணி

"மீனுக்கு மூளையே கிடையாதா, மேடம்?"

கேட்டவர் தணிகாசலம், ஓய்வுபெற்ற இன்ஜினியர். ஆற்றுத் தடுப்பணையைக் கட்டியவர் அவர்தான். சினைக் கெண்டைகள் மேலே போக முடியாமல் அணை மறிக்கிறது என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. அலையாய் அலைந்து அனுமதி வாங்கி, மீன்கள் படிப்படியாகத் தாவி அணையைக் கடக்கப் பன்னிரண்டு படி வைத்து ஒரு மீன் ஏணியும் கட்டினார். அணையின் அழகு கெடக் கூடாதென்று அதைக் கரையோரம் ஒதுக்குப்புறமாக வைத்தார்.

மீன் விஷயத்தில் அவருடைய குரு ஜெமிலா. ஆறு வருடமாக அந்த ஆற்றில் இறங்கி மீன் எண்ணும் ஆராய்ச்சியாளர்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்து நான்கு.

"என்னாச்சு சார்?"

"புது வெள்ளம் வந்து நாலு நாளாச்சு. அத்தனை மீனும் நடுவுல, தண்ணி விழுற இடத்துலயே முட்டிக்கிட்டு நிக்குது. ஏணிப் பக்கம் ஒண்ணுகூட எட்டிப் பாக்கல."

"ம்."

"அம்பு போட்டு போர்டுகூட வச்சுட்டேன்."

ஜெமிலா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ரெண்டு நாள்ல வெள்ளம் வடிஞ்சிடும். இந்த வருசம் குஞ்சே இருக்காது, மேடம்."

மறிப்பது அவர் எழுப்பிய சுவர்தானே.

"நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க," என்றார் குரு.

இது ஒரு பதிலா என்று முணுமுணுத்தாலும், மறுநாள் காலைப் பலகாரத்தைக்கூடத் தியாகம் செய்துவிட்டுப் போனார்.

வாசலிலேயே நெய்ச்சோற்று வாசனை ஆளைத் தூக்கியது. கதவு தாழிட்டிருந்தது.

தட்டினார். கூப்பிட்டார். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டதே தவிர, யாரும் வரவில்லை. தோளால் தள்ளியும் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

ஜன்னலில் ஜெமிலா தலை தெரிந்தது.

"ஏன் சார் அங்கேயே நிக்கிறீங்க?"

"பூட்டியிருக்கேம்மா!"

"கொல்லைக் கதவு திறந்துதானே கிடக்கு? அம்பு போட்டு அட்டைகூட மாட்டியிருக்கேனே."

"கொல்லைப்பக்கம் எவன் போவான்? வாசனை இங்கதானே வருது!"

சொன்னவர் திறந்த வாயை மூடவில்லை. நெற்றியைத் தடவினார். பிறகு திரும்பி ஓட ஆரம்பித்தார்.

"சார், சோறு!"

"மண்மூட்டை வேணும் மேடம்! நடுவுல அடுக்கி, விழுற தண்ணிய ஏணிப் பக்கம் திருப்பணும்!"

ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் குரு தூக்குவாளியும் அந்த ஒற்றைச் செருப்புமாக ஆற்றுக்குப் போனார். ஏணியின் வாயில் வெள்ளம் இரைந்துகொண்டிருந்தது. அம்பு போட்ட போர்டைப் பிடுங்கிப் போட்டு, அதன்மேல் சப்பணம் கொட்டி உட்கார்ந்திருந்தார் தணிகாசலம்.

"சார், சாப்பிட..."

சீடர் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"பேசாதீங்க மேடம், எண்ணிக்கை விட்டுப்போகும். பதினேழு."