கையை வாங்கிய சட்டம்

முன்னொரு காலத்தில் சேந்தவர்மன் என்றொரு ராஜா வேங்கைநாட்டை ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் உடனே கல்லில் வெட்டி வைத்துவிடுவான். அப்படியொரு கல் ஏரிக்கரையில் நின்றது: "இந்தக் கரையை வெட்டுகிறவன் கையை அரசன் வாங்குவான்."

ஓர் ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. மந்திரி இளநாகன் நனைந்த வேட்டியோடு சபைக்கு வந்தான்.

"மகாராஜா, தெற்குக் கரை இளகிவிட்டது. உடைந்தால் கீழே முந்நூறு வீடும் போய்விடும். வடக்கே வெட்டிவிட்டால் தண்ணீர் உங்கள் மாந்தோப்புக்குள் போகும். அங்கே ஆளில்லை."

மந்திரிப் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த விடங்கராயர் எழுந்தார். "மழைக்கு ஒரு சட்டம், வெயிலுக்கு ஒரு சட்டமா? இன்று அரசரே மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்?"

ராஜாவுக்கு அதுவும் சரியாகப் பட்டது. "இளநாகா, என் சொல்லும் நிற்க வேண்டும், ஊரும் நிற்க வேண்டும். வழி சொல்."

"ராயர் சொல்வது நியாயம்தான். கரைக்குக் காவல் வேண்டும். சட்டத்தின்மேல் அவருக்குத்தான் அக்கறை அதிகம், அவரையே அனுப்புங்கள். நானும் பத்து ஆட்களோடு துணைக்குப் போகிறேன்."

ராயர் குடைபிடித்துப் பெருமையாகத் தெற்குக் கரையில் ஏறினார். இளநாகனும் ஆட்களும் மண்வெட்டிகளோடு வடக்கு முனையில் நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் ராயரின் காலடி மண் சரிந்தது. கீழே பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. தெருக்கோடியில் அவர் வீடு. மாடியில் அவர் மனைவி கையாட்டிக்கொண்டிருந்தாள்.

ராயர் குடையைப் போட்டுவிட்டு வடக்கே ஓடினார். ஒருவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி முதல் வெட்டை அவரே வெட்டினார்.

"என்ன பார்க்கிறீர்கள்? வெட்டுங்கள்."

எல்லோரும் வெட்டினார்கள், மந்திரியும்தான். மாந்தோப்பு மூழ்கியது, ஊர் பிழைத்தது.

மழை விட்டதும் சபை கூடியது. ராயர் வெளிறிய முகத்தோடு வலக்கையை நீட்டினார். "சட்டம் பேசியவன் நான். வாங்கிக்கொள்ளுங்கள்."

ராஜா மந்திரியைப் பார்த்தான்.

"கையை வாங்கத்தான் கல் சொல்கிறது, மகாராஜா. வெட்டி வாங்கச் சொல்லவில்லையே. என் கை உட்பட அத்தனை கையும் இனி உங்களுடையது. கரைக்கு மண் சுமக்கச் சொல்லுங்கள்."

ராஜா சிரித்துவிட்டான். பிறகு, "எனக்கும் ஒரு கூடை எடுத்து வை. தண்ணீர் போக வழி வைக்காமல் சட்டம் மட்டும் வைத்தவன் நான்தானே" என்றான்.

வெட்டிய இடத்திலேயே, மிகுதி நீர் வழிந்தோடக் கலிங்கு கட்டினார்கள். மாந்தோப்பை இளநாகனுக்கே பரிசாகக் கொடுத்தான் ராஜா.

அந்த மாதமே சபையில் ஒருவர் எழுந்து, சந்தைக்குக் கடுமையான சட்டம் ஒன்று வேண்டும் என்றார். விடங்கராயர் கொப்புளம் பூத்த உள்ளங்கையைத் தடவிக்கொண்டார்.

"இருங்கள். முதலில் சந்தையில் போய் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு வருவோம்."