கொட்டைக்கரந்தையை எண்ணியவள்

கேளுங்கள். ஆற்றுக்குக் கரை கட்டாத காலத்தில் மாறவேள் என்று ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான், ஆனால் யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிடுவான். மகன் காய்ச்சலில் கிடந்தபோது, "பிள்ளை பிழைத்தால் ஒரே காம்பில் நூறு பூ சாத்துகிறேன் தாயே" என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்துவிட்டான். அப்படி ஒரு பூ எங்கே பூக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

வேண்டிக்கொண்டவன் ராஜா, மாட்டிக்கொண்டது பூக்கட்டுகிறவர்கள். "தை முடிவதற்குள் அந்தப் பூ வராவிட்டால் பூக்காரத் தெருவே ஊரைவிட்டுப் போக வேண்டும்" என்று பறையறைந்தார்கள்.

ஒருவர் தாமரை கொண்டுவந்தார். இதழ்தான் நூறு, பூ ஒன்றே. இன்னொருவர் முருங்கைப் பூங்கொத்து கொண்டுவந்தார். ஒவ்வொரு பூவுக்கும் தனிக் காம்பு இருந்தது. மூன்றாமவர் ஒரு காம்பில் முல்லையை நாரால் சுற்றிக் கொண்டுவந்தார். ராஜா உதறினான், எல்லாம் தரையில் கொட்டின.

கடைசி நாளில் உடையாள் என்ற பூக்காரி வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பூவை எண்ணிக் கட்டுகிறவள். கையில் இலந்தைப்பழம் அளவில் ஓர் ஊதா உருண்டை.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "கொட்டைக்கரந்தை. அறுத்த வயலில் மாடு மிதிக்கிற களை. இதையா அம்மனுக்குச் சாத்துவது?"

"ஒரு நாழிகை பொறுங்க, மகாராஜா."

ஈர வாழையிலையை விரித்து, முள்ளால் உருண்டையைப் பிரித்தாள். மயிரிழை போல ஒன்று வந்தது. அதற்கும் ஒரு குழல், அதற்கும் ஒரு வாய். முழுசாக ஒரு பூ. பத்து வைத்தாள், ஐம்பது வைத்தாள், நூறு வைத்தாள். உருண்டையில் பாதி இன்னும் மிச்சமிருந்தது.

மூச்சு பட்டால் பறந்துவிடுமோ என்று ராஜா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.

"இதன்மேல்தானே இத்தனை நாளும் குதிரை ஓட்டினேன்" என்றான். "இதையே சாத்திவிடு, அம்மா."

"பிரிச்ச பூ சாமிக்கு ஆகாதுங்க. வேண்டிக்கிட்டது நீங்க, பறிக்கிறதும் நீங்கதான்."

ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினான். கண்ணுக்கு எட்டிய தூரம் ஊதா. காலைத் தூக்கியவன், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே நின்றான்.

அவன் கையால் பறித்த பூவே அம்மனுக்குச் சாத்தியாயிற்று, பூக்காரத் தெரு பிழைத்தது. சூரியகாந்தியும் இந்தப் பூவுக்குச் சொந்தம்தான், நம்பாதவர்கள் அதன் நடுவைப் பிரித்து உள்ளே இருக்கும் குட்டிப் பூக்களை எண்ணிப் பாருங்கள்.

குனிந்து பார்க்காத எதையும் அற்பம் என்று சொல்ல ராஜாவுக்கும் உரிமை இல்லை.