மட்கார்டு சத்தம்

“நாடு முழுக்கப் பின்னாலயே வந்த மகனை ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்காத மனுசன். அவரை நான் எதுக்குப் போய்ப் பாக்கணும்?”

தாணுமாலயன் கேட்டான்.

உலகம்மை அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“முறத்தை இப்படித் தள்ளு” என்றார்.

தள்ளினான். கொஞ்சம் வெங்காயத்தை அவன் பக்கம் ஒதுக்கினார். அவரிடம் கேள்வியோடு போகிற எல்லாருக்கும் முதலில் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். பதில் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. அங்கேதான் அக்கா இருந்தார். காவி கிடையாது, மடம் கிடையாது. பழைய சுடிதார், மூக்குக் கண்ணாடி, இடுப்பில் செருகிய சின்னப் பையில் இளைப்புக்கான இன்ஹேலர். தாணுவைவிட நாலைந்து வயது இளையவர். தாணுவுக்கு ஐம்பது. ஆனாலும் ஊரைப் போல அவனும் அக்கா என்றே கூப்பிட்டான்.

“யாரு பாக்கச் சொன்னது?” அக்கா கேட்டார்.

“தங்கச்சி வடிவு. காலைல போன் பண்ணினா. அப்பா ரெண்டு நாளா எதுவும் சாப்பிடலையாம். யாரு கூப்பிட்டாலும் அசையலையாம். நீ உடனே வான்னு அழுதா.”

“வீடு எங்க?”

“நாகர்கோவில்.”

“நீ?”

“வள்ளியூர்.”

பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தப் பஸ்ஸில் அவன் பல வருஷமாக ஏறவில்லை. இன்று ஏறினான். ஏறியவன் முப்பந்தலில் இறங்கிவிட்டான்.

“சரி. நாடு முழுக்கன்னு சொன்னியே, அது என்ன கதை?”

தாணு சொன்னான்.

அவனுக்குப் பதின்மூன்று வயது. அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “காஷ்மீர் வரைக்கும் சைக்கிள்ல போவமா?” என்று கேட்டார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, “அங்க குளிருமே” என்றாள். வீட்டில் நடந்த விவாதம் அவ்வளவுதான்.

அப்பாவோடு வேலை பார்த்த சாமுவேல் மாமாவும் ரசாக் மாமாவும் சேர்ந்துகொண்டார்கள். கன்னியாகுமரியில் கடல் தண்ணீரைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓட்டினாள். அவள் கேரியரில் ஸ்டவ்வும் அரிசிப் பையும். சாமுவேல் மாமா கேரியரில் வடிவு.

“ரசாக் மாமா ஹிந்தி தெரியும்னு சொல்லித்தான் வந்தாரு. நாக்பூர்ல போய்த்தான் தெரிஞ்சுது, அவருக்குத் தெரிஞ்சது ரெண்டு சினிமாப் பாட்டு மட்டும். வழி கேக்கப் போவாரு. பாட்டைப் பாடிட்டு வந்துருவாரு. ஆனா எப்படியோ வழி சரியாத்தான் இருக்கும்.”

அக்கா சிரித்தார். தாணுவும் சிரித்தான்.

“ஒரு ஆரஞ்சுத் தோட்டத்துல தங்கினோம். அம்மா புளி தீந்துபோச்சுன்னு ஆரஞ்சைப் பிழிஞ்சு ரசம் வச்சா. யாராலயும் வாயில வைக்க முடியல. சாமுவேல் மாமா மட்டும் மூணு தடவை வாங்கிக் குடிச்சாரு, அவ முகம் வாடக்கூடாதுன்னு. பஞ்சாப்ல ஒரு லாரிக்காரரு எங்க எல்லாருக்கும் ரொட்டி வாங்கிக் கொடுத்துட்டு, அம்மாவைக் கும்பிட்டுட்டுப் போனாரு. கடைசில பனியைப் பாத்தோம். அம்மா கையில அள்ளிப் பாத்துட்டு, உப்பளம் மாதிரில்லா இருக்குன்னா.”

அவன் கையில் இருந்த வெங்காயம் பாதி உரித்தபடி நின்றுவிட்டது.

“இப்ப அம்மா இல்லை. ரெண்டு மாமாவும் இல்லை. அந்தப் பயணத்துல மிச்சம் அப்பா, நான், வடிவு.”

“இவ்வளவு சந்தோசமாச் சொல்லுத. பிறகு என்ன குறை?”

தாணுவின் முகம் மாறியது.

“சந்தோசமெல்லாம் பின்னால வந்தவங்களுக்கு. பாட்டு, சிரிப்பு, கதை, எல்லாம் பின்னால. நான் மட்டும் அப்பாவுக்கு நேர் பின்னால. அதுதான் என் இடம்னு முதல்நாளே சொல்லிட்டாரு. நான் அந்த வருசம் டைபாய்டுல கிடந்து எழுந்தவன். நோஞ்சான்னு கட்டிப்போட்டு வச்சாரு. நான் பாத்ததெல்லாம் உப்புப் பூத்த ஒரு காக்கிச் சட்டை முதுகு. எனக்கு இந்தியான்னா அதுதான்.”

“ம்.”

“ரோட்டைப் பாக்கலாம்னு இடதுபக்கம் ஒதுங்குவேன். அவரும் இடதுபக்கம் வந்து மறைச்சிருவாரு. வலதுபக்கம் போனா அங்கயும் வந்துருவாரு. பேச்சும் கிடையாது. ஓட்டும்போது ‘ஒட்டி வாடே’ன்னு ஒரு வார்த்தை. சாயங்காலம் வண்டியை நிறுத்தினதும் ‘வந்துட்டியாடே?’ன்னு ஒரு வார்த்தை. அதையும் திரும்பாமலே கேப்பாரு. பின்னாலதான நிக்கேன், திரும்பிப் பாத்தா தெரியாதா? நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.”

“வேற?”

“ராத்திரி எல்லாரு வண்டியையும் சரி பண்ணுவாரு. செயினுக்கு எண்ணெய் போடுவாரு. அம்மா வண்டி பெல்லைக்கூடத் துடைச்சு வைப்பாரு. என் மட்கார்டு கடகடன்னு ஆடும். அதை மட்டும் முறுக்க மாட்டாரு. நானே ஸ்பேனரை எடுத்தேன். பிடுங்கி வச்சுக்கிட்டாரு.”

பதின்மூன்று வயதில் பட்டது ஐம்பது வயதிலும் ஆறவில்லை.

“ஊருக்கு வந்தபிறகு சைக்கிளைத் தொடவே இல்லக்கா. அவர்கிட்ட பேசறதும் அப்படியே குறைஞ்சுபோச்சு. இப்பச் சொல்லுங்க. போகணுமா?”

அக்கா முறத்தைத் தட்டினார். வெங்காயச் சருகுகள் காற்றில் பறந்தன. ஆடி மாதம். முப்பந்தலில் காற்று வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

“தோவாளைக்குப் போய்ப் பூ வாங்கணும். கூட வா” என்றார்.

தாணு எதிர்பார்த்த பதில் அது இல்லை. ஆனாலும் எழுந்தான்.

முற்றத்தில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒன்று அக்காவுடையது. இன்னொன்று வருகிறவர்கள் எடுத்துக்கொள்கிற வண்டி. அக்கா தன் வண்டியைத் தள்ளியதும் பின்சக்கரத்து மட்கார்டு கடகடவென்று ஆடியது.

“ஸ்பேனர் இருக்கா? முறுக்கித் தாறேன்.”

“அதைத் தொடாதே.”

இரண்டு பேரும் ரோட்டில் ஏறினார்கள். தோவாளை மேற்கே, கணவாய்க்கு அந்தப்பக்கம். அக்கா முன்னால் போனார்.

“என் பின்சக்கரத்தைப் பாத்துக்கிட்டே வா. இடைவெளி விடாதே.”

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பெடலை மிதித்தான். முதலில் கால் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. அக்காவின் முதுகும் கடகட சத்தமும் முன்னால் போய்க்கொண்டிருந்தன. வண்டி சுகமாக ஓடியது. எனக்கு இன்னும் பலம் இருக்கிறது என்று தாணு நினைத்துக்கொண்டான். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

“வீட்டுல அடிச்ச காத்து ரோட்டுல இல்லையேக்கா” என்றான்.

தலைக்கு மேல் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் பார்க்கவில்லை.

அக்கா பதில் சொல்லவில்லை.

அவன் வடிவைப் பற்றி ஏதோ சொன்னான். அதற்கும் பதில் இல்லை. இவரும் அப்பா மாதிரிதான் போல என்று எரிச்சல் வந்தது.

ஆரல்வாய்மொழி நெருங்கியது. அக்கா மிதிப்பதை நிறுத்திவிட்டு வலதுபக்கமாக ஒதுங்கினார்.

காற்று தாணுவின் நெஞ்சில் மோதியது.

வண்டி அப்படியே நின்றுவிடப் பார்த்தது. கண்ணில் மண் விழுந்தது. வேட்டி படபடத்துக் காலைச் சுற்றியது. எழுந்து நின்று மிதித்தும் வண்டி நகரவில்லை. இறங்கிவிட்டான்.

“எங்கிருந்துக்கா வந்துச்சு இது?”

“இங்கனதான் இருந்துச்சு.”

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. தோள் ஏறி இறங்கியது. இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். சுடிதாரின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. அவன் சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

தாணுவுக்கு வெட்கமாகிவிட்டது.

“கஷ்டமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே.”

“காத்துக்குள்ள பேசினா மூச்சு போயிரும். இருக்கதே கொஞ்சம்.”

அக்கா இன்ஹேலரைப் பையில் செருகினார்.

“நான் முன்னால போறேன்” என்றான் தாணு. “நீங்க என் பின்னால வாங்க.”

“முடியுமா?”

“உங்களுக்கு இளைப்பு. எனக்கு ஒண்ணும் இல்ல.”

குனிந்து மிதித்தான். காது அடைத்தது. ஒவ்வொரு மிதிக்கும் தொடை எரிந்தது. அவ்வளவு காற்றிலும் பின்னால் அந்தக் கடகட சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

சத்தம் மெலிந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். சத்தம் நெருங்கி வந்தது. மறுபடி மிதித்தான்.

சத்தம் இடதுபக்கமாக விலகியது. அக்கா ஒதுங்குகிறார், காற்று அவர் மேல் விழும். அவனும் இடதுபக்கம் போனான்.

சத்தம் வலதுபக்கம் வந்தது. அவனும் வந்தான்.

மறுபடி மெலிந்தது.

“ஒட்டி வாங்கக்கா.”

சொன்னது தான்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. மூச்சு முழுவதும் காலில் இருந்தது.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பேசுகிற அளவுக்கு மூச்சு இருந்தது.

“நான் வாறேனா இல்லையான்னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டியா?”

“திரும்பினா வண்டி வெட்டிரும். காத்து உங்க மேல விழும்.”

“பிறகு நான் வாறது உனக்கு எப்படித் தெரியும்?”

“அதான் மட்கார்டு சத்தம் கேக்குதுல்லா.”

சொல்லி முடித்தான்.

கால் நின்றுவிட்டது. வண்டி தானாக ஓரம் போய்ப் புல்லில் நின்றது. தாணு இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி குனிந்துகொண்டான். காற்றில் கண் கலங்கியது என்று சொல்லலாம். காற்று காரணம் இல்லை. அவன் அழுதான்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

வெகுநேரம் கழித்து, “பூக்கடை சாத்திருவாங்க” என்றார்.

தோவாளை வரைக்கும் தாணுதான் முன்னால் போனான்.

சந்தைக்குப் பிரிகிற இடத்தில் நின்றார்கள். பிச்சிப்பூ வாசம் வந்தது. நேரே போனால் நாகர்கோவில்.

“உங்க வண்டியைத் தாங்கக்கா” என்றான்.

“அது சத்தம் போடுமே.”

“போடட்டும்.”

அக்கா தன் வண்டியை அவனிடம் கொடுத்துவிட்டு அவனுடையதை வாங்கிக்கொண்டார்.

“நீங்க எப்படித் திரும்பிப் போவீங்க?”

“எனக்கு இனிமே பின்காத்து” என்றார். பூக்கடைப் பக்கம் திரும்பினார்.

வீட்டு வாசலில் வடிவு நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் சைக்கிளில் வருவதைப் பார்த்துவிட்டு ஒரு கணம் திகைத்தாள். தலையெல்லாம் மண். முதுகில் சட்டை ஒட்டிக்கிடந்தது.

“காலைலருந்து இன்னும் மோசம்ணே” என்றாள். “டாக்டர் வந்து கூப்பிட்டுப் பாத்தாரு. நான் எவ்வளவோ கூப்பிட்டேன். சுவரைப் பாத்துப் படுத்தவருதான். திரும்பவே இல்ல.”

கதவு திறந்திருந்தது. வாசலிலிருந்தே கட்டில் தெரிந்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதே முதுகு. காக்கிச் சட்டை இல்லை. எலும்பு தெரிந்தது.

தாணு கூப்பிடவில்லை.

சைக்கிளை வாசலில் நிறுத்தவும் இல்லை. நடைக்கல்லில் ஏற்றி, கூடத்துக்குள்ளேயே உருட்டிக்கொண்டு போனான். மட்கார்டு கடகடவென்று ஆடியது. வடிவு ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

அப்பாவின் முதுகுக்கு நேர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். சத்தம் அடங்கியது.

அப்பாவின் தோள் லேசாக அசைந்தது. அவர் திரும்பவில்லை.

“வந்துட்டியாடே?”

“வந்துட்டேம்ப்பா.”